சுவர் அளவு டெலிவிஷன்! விலை சரிந்தது எப்படி?

1997-ம் ஆண்டு அமெரிக்கக் கடைகளில் ஒரு புதுமையான டெலிவிஷன் பெட்டி விற்பனைக்கு வந்தது. அதைப் பெட்டி என்று சொல்வதே தவறு. அது ஒரு பலகை! சாமி படம் மாட்டுவது போல அதைச் சுவரில் மாட்டலாம். அளவு 42 அங்குலம். பிலிப்ஸ் கம்பெனியின் சரக்கு.

விலை என்ன தெரியுமா? 14 ஆயிரத்து 999 டாலர்! அன்றைய கணக்கில் 5 லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்துக்கு அப்போது இந்தியாவில் இரண்டு மாருதி கார் வாங்கி இருக்கலாம்.

இன்று அதைவிடப் பெரிய, அதைவிடத் தெளிவான 55 அங்குல டெலிவிஷன் 30 ஆயிரம், 40 ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாதத் தவணையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அரிசி விலை ஏறியது. வீட்டு வாடகை ஏறியது. பள்ளிக்கூடச் சம்பளம் ஏறியது. டெலிவிஷன் விலை மட்டும் இறங்கியது. கம்பெனிக்காரர்களுக்கு மனம் இளகிவிட்டதா? அதெல்லாம் ஒன்றும் இல்லை. இதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அதில் விஞ்ஞானம் உண்டு. வியாபாரப் போட்டி உண்டு. ஜெயில் தண்டனை கூட உண்டு.

கேரட்டில் பிறந்தது

பழைய டெலிவிஷனுக்கு உயிர் அதன் கண்ணாடிக் குழாய். திரை அகலம் ஆனால் குழாயும் நீளும், கனமும் கூடும். சோனி கம்பெனி 40 அங்குலத்தில் ஒரு குழாய் டெலிவிஷன் செய்தது. அதன் எடை 130 கிலோவுக்கு மேல்! நாலு ஆள் சேர்ந்து தூக்க வேண்டும். அதற்கு மேல் குழாயை வைத்துக்கொண்டு ஓட முடியவில்லை.

குழாய்க்கு எமனாக வந்த பொருள் வெகு நாளைக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. 1888-ம் ஆண்டில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரெய்னிட்சர் என்ற தாவர விஞ்ஞானி, கேரட்டில் இருந்து எடுத்த ஒரு கொழுப்புப் பொருளை வைத்து ஆராய்ச்சி செய்தார். அதைச் சூடாக்கினார். 145 டிகிரியில் உருகியது. ஆனால் பால் போல் கலங்கி நின்றது. மேலும் சூடாக்கினார். 178 டிகிரியில்தான் தண்ணீர் போல் தெளிந்தது. ஒரே பொருள் இரண்டு தடவை உருகுமா? அவருக்கே திகைப்பு! அந்தக் கலங்கிய பொருளுக்குத்தான் பிறகு "திரவப் படிகம்" என்று பெயர் வந்தது. ஓடுவதில் தண்ணீர்; ஒழுங்கில் கற்கண்டு.

அதனால் ஒரு காசு லாபம் வரும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. 80 ஆண்டு கழித்து, 1968-ல், அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி அதை வைத்துப் படம் காட்டலாம் என்று அறிவித்தது. அறிவித்ததோடு சரி. விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஜப்பானியர்கள். ஷார்ப் கம்பெனி 1973-ல் அதை வைத்துக் கையடக்கமான கணக்குப் போடும் கருவியை விற்றது.

இரண்டரைக் கோடி ஜன்னல்

இது வேலை செய்கிற விதம் எளிது. திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. முன்னால் மிக மிகச் சிறிய ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் திரவப் படிகம். மின்சாரம் கூடிக் குறையும்போது அது திரும்பிக்கொண்டு வெளிச்சத்தை விடும், அல்லது மறிக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஜன்னல் சேர்ந்தால் ஒரு புள்ளி.

"4கே" என்று கடையில் சொல்கிறார்களே, அந்தத் திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. அப்படியானால் ஜன்னல்கள் சுமார் இரண்டரைக் கோடி! கண் இமைப்பதற்குள் இவை பலமுறை திறந்து மூடுகின்றன.

இந்த இடத்தில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "எல்.சி.டி. வேண்டாம், எல்.இ.டி. கொடு" என்று கேட்கிறவர்கள் உண்டு. இரண்டும் அநேகமாக ஒன்றுதான். ஜன்னல் பழைய ஜன்னலே. பின்னால் எரியும் விளக்குதான் மாறியது. முன்பு பாதரசம் உள்ள குழல் விளக்கு, இப்போது எல்.இ.டி. விளக்கு. இதற்கு வழி செய்தது நீல நிற எல்.இ.டி. அதைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. "ஓ.எல்.இ.டி." என்பதுதான் வேறு ஜாதி. அதில் ஜன்னல் கிடையாது. புள்ளியே விளக்காக எரியும். 55 அங்குல ஓ.எல்.இ.டி. 2013-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது எல்.ஜி. கம்பெனி வைத்த விலையும் 14 ஆயிரத்து 999 டாலர்தான்! அடுத்த ஆண்டே அதே அளவு 3 ஆயிரத்து 499 டாலருக்கு வந்துவிட்டது.

1997-ல் வந்ததாகச் சொன்ன பலகை "பிளாஸ்மா" வகை. அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையில் 1964-ல் பிறந்தது. அதன் கதை முடிந்து போயிற்று. பானசோனிக் கம்பெனி 2013-ல் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியது.

தையற்காரர் கணக்கு

விலை இறங்கியதன் ரகசியம் கண்ணாடியில் இருக்கிறது.

தையற்காரரைப் பாருங்கள். துணி அகலமாக இருந்தால் இரண்டு சட்டைக்கு மூன்று சட்டை வெட்டிவிடுவார். குறுகிய துணியானால் பாதி வீணாகும். டெலிவிஷன் தொழிற்சாலையிலும் இதே கணக்குதான். ஒரு பெரிய கண்ணாடித் தகட்டின் மீது எல்லா ஜன்னல்களையும் அமைத்து, பிறகு துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். ஒரு தகட்டில் அதிகத் துண்டு கிடைத்தால் ஒவ்வொன்றின் அடக்க விலையும் குறையும்.

2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர் தகட்டில் 55 அங்குலத் திரை 6 வெட்டலாம். ஆனால் 65 அங்குலம் 3-தான் வரும். மீதி ஓரம் போகும். இப்போது சீனாவில் ஓடும் மிகப் பெரிய தொழிற்சாலைகளில் தகட்டின் அளவு 2.94 மீட்டருக்கு 3.37 மீட்டர். ஒரு சிறிய அறையின் தரை அளவு! அதில் 65 அங்குலம் 8 வெட்டலாம். 75 அங்குலம் என்றால் 6. தகட்டின் பரப்பு இரண்டு மடங்குகூட ஆகவில்லை. 65 அங்குலத் திரையோ மூன்றுக்குப் பதில் எட்டு! பெரிய டெலிவிஷன் மலிந்த விதம் இதுதான்.

அந்தத் தகட்டின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியுமா? அதனால் திரைத் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே கண்ணாடித் தொழிற்சாலையையும் கட்டிவிடுகிறார்கள்.

ஓட்டல் அறையில் ரகசியக் கூட்டம்

விலை தானாக இறங்கிக்கொண்டே இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இறங்க விடாமல் பிடித்து நிறுத்தவும் ஒரு சதி நடந்தது.

2001-ம் ஆண்டில் இருந்து 2006-ம் ஆண்டு வரை, தைவான் நாட்டு ஓட்டல் அறைகளில் மாதந்தோறும் சிலர் கூடினார்கள். அவர்கள் வெளியே பார்த்தால் ஜன்மப் பகைவர்கள். திரைப் பலகை செய்யும் கம்பெனிகளின் அதிகாரிகள்! உள்ளே உட்கார்ந்து, "இந்த மாதம் இந்த விலைக்குக் கீழே விற்பதில்லை" என்று பேசி முடிவு செய்தார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் "படிகக் கூட்டம்". சுமார் 60 கூட்டம் நடந்தது. பிடிபடுவோமோ என்ற பயம் வந்ததும் ஓட்டலை விட்டுக் காபிக் கடைகளில் சந்தித்தார்கள்.

கடைசியில் குட்டு உடைந்தது. 2008-ல் எல்.ஜி., ஷார்ப், சுங்வா ஆகிய மூன்று கம்பெனிகள் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டன. மொத்த அபராதம் 58 கோடியே 50 லட்சம் டாலர். ஏ.யூ. ஆப்ட்ரானிக்ஸ் என்ற தைவான் கம்பெனி வழக்கை எதிர்த்து நின்றது. 2012-ல் சான் பிரான்சிஸ்கோ கோர்ட்டில் தோற்றது. அபராதம் 50 கோடி டாலர்! அதன் அதிகாரிகள் இருவருக்கு 3 ஆண்டு ஜெயில். ஐரோப்பாவிலும் 2010-ல் ஐந்து கம்பெனிகளுக்கு அபராதம். சாம்சங்கும் இதில் கூட்டாளிதான். ஆனால் விஷயத்தை முதலில் போய்ச் சொன்னதால் ஐரோப்பாவில் அது அபராதம் இல்லாமல் தப்பியது.

அந்த ஐந்து ஆண்டில் டெலிவிஷன் வாங்கிய சாதாரணக் குடும்பங்களும் அதற்கு விலை கொடுத்திருக்கின்றன. போட்டி இருந்தால்தான் விலை இறங்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவை இல்லை. அதனால்தான் இப்போது நடப்பது கொஞ்சம் கவலை தருகிறது.

ஜப்பான் போய், சீனா

ஷார்ப் கம்பெனி 2009-ல் ஜப்பானில் சக்காய் நகரில் ஒரு ராட்சதத் தொழிற்சாலையைத் திறந்தது. அன்று உலகத்தில் அவ்வளவு பெரிய கண்ணாடித் தகடு வேறு எங்கும் இல்லை. ஆனால் விலை சரிவு அதையே விழுங்கியது. 2013 மார்ச்சில் முடிந்த ஆண்டில் ஷார்ப்புக்கு 54 ஆயிரம் கோடி யென் நஷ்டம். 2016-ல் கம்பெனி தைவானின் பாக்ஸ்கான் கைக்குப் போயிற்று. 2024-ல் சக்காயில் டெலிவிஷன் திரை தயாரிப்பு அடியோடு நின்றது.

கொரியாவின் சாம்சங்கும் 2022-ல் எல்.சி.டி. திரைத் தொழிலை விட்டு வெளியேறியது. களத்தில் மிஞ்சியவை பெரும்பாலும் சீனக் கம்பெனிகள். ஹெபை போன்ற நகரங்களின் அரசாங்கமே பணம் போட்டு வளர்த்த கம்பெனிகள் அவை. போட்டியாளர்கள் குறைந்துகொண்டே போனால், ஓட்டல் அறை இல்லாமலேயே விலையைப் பிடித்து நிறுத்த முடியும். தேவை குறையும்போது தயாரிப்பைக் குறைத்துக்கொண்டால் போதும்.

நாம் பார்க்கிறோமா, அது பார்க்கிறதா?

இன்னொரு சங்கதி. பெட்டியை விற்பதில் லாபம் குறைந்துபோன கம்பெனிகள் வேறு வழியைக் கண்டுபிடித்தன. இன்டர்நெட் இணைத்த டெலிவிஷன், வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்று கவனித்து, கம்பெனிக்குத் தகவல் அனுப்ப முடியும். அந்தத் தகவல் விளம்பரக்காரர்களுக்கு விலைபோகும்.

இது கற்பனை அல்ல. அமெரிக்காவின் விசியோ கம்பெனி, 1 கோடியே 10 லட்சம் டெலிவிஷன்களில் இருந்து, வீட்டுக்காரர்களின் சம்மதம் பெறாமல் இப்படி நொடிக்கு நொடி தகவல் எடுத்ததாக வழக்கு வந்தது. 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. பெட்டி விற்ற லாபத்தைவிட விளம்பரத்திலும் தகவலிலும் கிடைத்த லாபம் பிறகு அந்தக் கம்பெனிக்கு அதிகமாயிற்று. 2024-ல் அதை வால்மார்ட் வாங்கிவிட்டது.

ஆகவே மலிவு விலையில் ஒரு பகுதியை, குடும்பம் தன் வீட்டு விஷயத்தைக் கொடுத்துக் கட்டுகிறது. புது டெலிவிஷனை முதலில் இயக்கும்போது வரிசையாக "சம்மதம், சம்மதம்" என்று அமுக்கச் சொல்லும். அவசரப்பட்டு அமுக்க வேண்டாம். எழுத்து தெரிந்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முன்பே அமுக்கி இருந்தாலும், செட்டிங்ஸ் பகுதியில் போய் அநேகமாக நிறுத்திவிடலாம்.

உடைந்தால் என்ன செய்வது?

பழைய குழாய் டெலிவிஷனைத் தெருமுனை மெக்கானிக் பத்துத் தடவை பழுது பார்த்துக் கொடுத்தார். இப்போது பேனல் உடைந்தால் புது டெலிவிஷன் விலையே ஏறக்குறைய ஆகிவிடுகிறது. ஆனால் படம் இருண்டு, சத்தம் மட்டும் வந்தால் உடனே தூக்கிப் போட வேண்டாம். பல நேரங்களில் பின்னால் உள்ள விளக்குப் பட்டைதான் போயிருக்கும். அதை மாற்றச் செலவு அதிகம் இல்லை.

ஐரோப்பாவில் 2021 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு ரக டெலிவிஷன் விற்பனையில் இருந்து நின்ற பிறகும் 7 ஆண்டுக்கு முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். இந்திய சர்க்காரும் அப்படி ஒரு கெடு வைக்க வேண்டும். எத்தனை ஆண்டு பாகம் கிடைக்கும், வீட்டில் இருந்து என்ன தகவல் போகும் என்பதை அட்டைப் பெட்டியின் மேல் தமிழிலும் அச்சிடச் செய்ய வேண்டும். இது கேட்கக் கூடாத சலுகை அல்ல.

விலையைக் குறைக்க சர்க்கார் தன் பங்கைச் செய்திருக்கிறது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டெலிவிஷனுக்கு 28 சதவிகிதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 18 சதவிகிதம் ஆயிற்று. வாங்குகிறவர்கள் பில்லில் அந்த 18 சதவிகிதம்தான் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கி, பில்லையும் வாரண்டிச் சீட்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்.