கொலைக்கதை என்று சொல்லத் தயங்குவானேன்?

பூமணியின் 'வெக்கை' ஒரு கொலையோடு தொடங்குகிறது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு 15 வயதுப் பையன் ஒருவன் இருட்டில் ஓடுகிறான். அதன்பின் நாவல் முடியும்வரை அவனும் அவன் அய்யாவும் ஒளிந்து திரிகிறார்கள். 1982இல் வந்த இந்த நாவலைப் பற்றிச் சிற்றிதழ்க்காரர்கள் பேசக் கேட்டால் கரிசல் நிலம், நில உரிமை, சாதி, வட்டார வழக்கு எல்லாம் வரும். இது முதல்தரமான ஒரு குற்ற நாவல், அடுத்த பக்கத்தில் பிடிபட்டுவிடுவார்களோ என்ற பதைப்பிலேயே நம்மை இழுத்துச் செல்லும் தலைமறைவுக் கதை என்று மட்டும் யாரும் எளிதில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நாவலின் மதிப்பு குறைந்துவிடும் என்ற அச்சம்.

அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்பது எங்கள் கருத்து. துப்பறியும் கதை, சரித்திரக் கதை, காதல் கதை, அறிவியல் கதை என்ற பெயர்களையெல்லாம் வார இதழ்களுக்கும் பாக்கெட் நாவல்களுக்கும் தாரை வார்த்துவிட்டு, நாம் 'நாவல்' என்ற ஒற்றைச் சொல்லோடு ஒதுங்கிக்கொண்டோம். பேருந்து நிலையக் கடையில் ராஜேஷ்குமாரையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் படித்து முடிக்கிற வாசகர் கூர்மையான வாசகர். கதையில் எங்கே முடிச்சு விழுகிறது, எங்கே ஏமாற்று நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். "உங்களுக்குப் பிடித்த வகைதான், இதையும் படித்துப் பாருங்கள்" என்று அவர் கையில் வெக்கையைக் கொடுக்க ஆளில்லை. 2019இல் அதைத் தழுவி 'அசுரன்' படம் வந்த பிறகுதான் பலர் அந்தப் புத்தகத்தைத் தேடினார்கள். விமர்சனம் செய்திருக்க வேண்டிய வேலையைச் சினிமா செய்தது.

கொன்றவன் யார் என்பது வெக்கையில் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. வழக்கமான துப்பறியும் கதை கடைசி அத்தியாயத்துக்கென்று பொத்தி வைத்திருப்பதைப் பூமணி தொடக்கத்திலேயே செலவழித்துவிடுகிறார். பிறகு அவர் கையில் மிஞ்சுவது என்ன? மகனுக்குச் சோறு பொங்கிப் போடும் தகப்பன், எந்த மறைவில் படுப்பது என்ற யோசனை, வீட்டில் விட்டுவந்த ஆத்தாவும் தங்கச்சியும் என்ன ஆனார்களோ என்ற தவிப்பு. துரத்துகிறவர்கள் பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. ஆனாலும் சோற்றுப் பானை கொதிக்கும் நேரத்தில்கூட நமக்குக் காது வெளியிலேயே இருக்கிறது. கடைசியில் இருவரும் கோர்ட்டில் சரணடையப் புறப்படும்போது, சட்டத்தின் கையில் பிள்ளையை ஒப்படைப்பதா என்று மனம் முரண்டுகிறது. குற்ற நாவல் செய்யக்கூடிய உச்சபட்ச காரியம் இது. அந்தப் பெயரைச் சொல்லியே இதைப் பாராட்ட வேண்டும்.

சரித்திர நாவலில் எங்கள் குறை வேறு. 'பொன்னியின் செல்வ'னைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறோம், அல்லது வெகுஜன எழுத்து என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். ஒரு நாவலாக அதை எடை போட்டவர்கள் குறைவு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பறிமுதல் செய்தது பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நாவலில் வரும் சதிகாரன் ரவிதாசனின் பெயர் அதிலிருந்து வருகிறது. அந்தக் கொலையை நடுவில் வைத்து, 1950 முதல் 1954 வரை வாரா வாரம் ஐந்து பாகங்களை எழுதினார் கல்கி. கொன்ற கை யாருடையது என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லாமலே முடித்தார். வாரப் பத்திரிகை வாசகர்களிடம் அப்படி ஒரு கேள்வியைத் திறந்து விட்டுப் போகத் துணிச்சல் வேண்டும். நந்தினியைப் போல ஒரு பெண் பாத்திரத்தை அவருக்குப் பின் வந்த சரித்திரக் கதைக்காரர்கள் யாரும் படைக்கவில்லை. அதே சமயம், சதி நடக்கிற இடத்திலெல்லாம் கதாநாயகன் வந்தியத்தேவன் எப்படியோ ஒளிந்திருந்து கேட்டுவிடுகிறான். கடம்பூர் மாளிகையில் முதல் தடவை அது சுவாரசியம். மறுபடி மறுபடி வரும்போது, தொடர்கதைக்கு வாரம் ஒரு திருப்பம் வேண்டுமே என்ற நெருக்கடி வெளியே தெரிகிறது. மணியத்தின் படங்களோடு பைண்டு செய்த பழைய தொகுப்பில் படிக்கிறவருக்கு இந்த வார இடைவெளி பக்கத்துக்குப் பக்கம் புலப்படும். இப்போதைய செம்பதிப்புகளில் அது மறைந்துவிடுகிறது.

கல்கிக்குப் பிறகு சரித்திர நாவலை வேறு பக்கம் திருப்பியவர் பிரபஞ்சன். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்ட 'மானுடம் வெல்லும்' நாவலில் வீரத்துக்கு வேலை குறைவு. வியாபாரமும் துபாஷ் என்னும் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகமும் தாசிகளின் வாழ்வும்தான் சரித்திரம். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) இன்னும் ஒரு படி கீழே இறங்கி, நிஜாம் ஆட்சி முடிகிற காலத்துச் செகந்தராபாத்தைக் கிரிக்கெட் ஆடும் ஒரு கல்லூரிப் பையனின் கண்ணால் பார்க்கிறது. இந்த மூன்றையும் ஒரே வகையின் மூன்று வழிகளாக வைத்துப் படித்தால்தான் ஒன்றின் பலம் மற்றொன்றால் விளங்கும்.

ப. சிங்காரத்தைப் பற்றி எங்களுக்குத் தீராத ஆற்றாமை உண்டு. இளமையில் இந்தோனேசியாவின் மேடானுக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர், பின்னாளில் மதுரையில் தினத்தந்தியில் வேலை செய்தவர், இரண்டே நாவல்கள் எழுதியவர். பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து 1972இல்தான் 'புயலிலே ஒரு தோணி' வெளிவந்தது. ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைவது, தொங்கான் படகில் கடலைக் கடப்பது, நேதாஜியின் படை, இந்தோனேசிய விடுதலைப் போர் என்று எந்தச் சாகசக் கதைக்கும் குறையாத ஓட்டம் அதில் இருக்கிறது. நடுநடுவே தமிழர் பெருமை, கற்பு, வீரம் என்று நாம் பூசித்து வைத்த அத்தனையும் குலைகின்றன. சாகச நாவல் என்று தயங்காமல் சொல்லியிருந்தால் சிங்காரம் உயிரோடு இருந்தபோதே ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அதைப் படித்திருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறோம். மூன்றாவது நாவலையும் அவர் எழுதியிருக்கக்கூடும்.

காதல் நாவலுக்கு வருவோம். ரமணிசந்திரனின் வாசகிகள் தமிழகத்தின் வாடகை நூலகங்களைப் பல காலம் வாழவைத்தவர்கள். அந்தக் கதைகளில் ஆணின் திமிரே காதலாக மாறிவிடுவது எங்களுக்கு ஒப்பாது. அதைச் சொல்லும் உரிமை, படித்துவிட்டுச் சொல்கிறவர்களுக்கே உண்டு. அதே வாசகிகளுக்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) பிடிக்கும். நொடித்துப்போன குடும்பத்துப் பெண் லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ். வயதுக்கு வந்ததும் லிஸியின் உலகம் வீட்டுக்குள் சுருங்கிவிடுகிறது. நெடிய வசனம் ஒன்றுகூட இல்லாமல், காத்திருப்பதையே கதையாக்கி ஒரு காதலை எழுதிவிட முடியும் என்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

அறிவியல் கதையில் சொல்ல அதிகமில்லை, அதுவே வருத்தம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, மனிதர்களைவிட நம் மனசில் தங்குகிறது. நாடே வணங்கும் தலைவர் உண்மையில் யார் என்ற கேள்வியை விகடன் வாசகர்கள் முன் வைத்ததும் அந்தக் கதைதான். சுஜாதா அங்கே திறந்த கதவு வழியே உள்ளே போனவர்கள் மிகச் சிலர். நாம் அதைப் பொருட்படுத்திப் பேசியிருந்தால் இன்னும் சிலர் துணிந்திருப்பார்கள்.

இந்த இதழிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு வகையை எடுத்துக்கொண்டு வாசகர்களின் கருத்துகளை வெளியிடுகிறோம். இம்முறை குற்ற நாவல். எழுதுகிறவர் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. ஒரு நாவலைப் பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்வதோடு நிற்காமல், எந்த அத்தியாயத்தில் அது தன்னை இழுத்தது, எங்கே கைவிட்டது என்று இடம் சுட்டி எழுத வேண்டும், அவ்வளவுதான். அடுத்த இதழுக்குப் பேய்க்கதை. இதுவரை ஒரு கட்டுரையும் வரவில்லை.