இடைவழி ஊர்களுக்கு ஓர் ஆற்றுப்படை

ஊர் காணச் செல்வார்க்கு வழி கூறுதல் நம் மொழிக்குப் புதியதன்று. பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், வறுமையோடு எதிர்ப்பட்டான் ஒருவனுக்குத் தான் சென்ற நெறியையும், இடையிலுள்ள ஊர்களையும், ஆங்காங்குக் கிடைக்கும் உணவையும், புரவலன் இயல்பையும் எடுத்துரைத்து விடுத்தலை ஆற்றுப்படை என்றனர் நம் முன்னோர். பத்துப்பாட்டில் செம்பாதி இத்தகைய நூல்களே. அவற்றுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் காட்டும் வழி எங்கே சென்று முடிகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பார் சிலரே. அஃது ஓய்மாநாட்டு நல்லியக்கோடனது கிடங்கிலில் முடிகின்றது. அக்கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி.

தமிழில் பாட்டுடை ஊராய் விளங்கிய இந்நிலம் இன்று யாவரும் கடந்து செல்லும் நிலமாயிற்று. சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசை இருப்புப்பாதைகள் கூடும் சந்திப்பு விழுப்புரம். ஆயினும் பலருக்கு அது வண்டி நிற்கும் சில நிமிடங்களில் தேநீர் வாங்கும் இடமே; திண்டிவனமோ பேருந்து திரும்பும் முனையே. டோக்கியோ மாநகரைக் காணச் செல்வான் ஒருவன் புறப்படுமுன் புகைவண்டிப் படத்தை ஆராய்கின்றான். செர்ரி மலரும் காலத்தைக் கேட்டறிகின்றான். பாதணி கழற்ற வேண்டிய இடத்தையும் கற்றுக்கொள்கின்றான். அவனே செஞ்சிக்கு நண்பகலில், குடிநீருமின்றிச் சென்று, பாதிக் குன்று ஏறி மீண்டு, ‘வெறுங்கல்லன்றி வேறில்லை’ என்பான். குறை கல்லினிடத்தன்று, வழி கூறுவார் இன்மையே குறை.

ஆதலின் சில கூறுவல். தை, மாசித் திங்கள்களே இந்நாட்டைக் காண ஏற்றவை. சித்திரை வெயிலில் பாறை கால் சுடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வழுக்கும். ஒரே நாளில் யாவற்றையும் காண முயலற்க. இரு நாள் வேண்டும். முதல் நாள் விடியலில் செஞ்சியை அடைக. இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. வெயில் ஏறுமுன் ஏறிவிடல் நன்று. நீர் உடன் கொள்க. தின்பண்டத்தைக் கையில் ஏந்திச் செல்லற்க, குரங்குகள் விடா. 1677இல் சிவாஜி கைப்பற்றியதும், அவர் மைந்தர் இராசாராம் புகலடைந்திருக்க மொகலாயர் 1698 வரை முற்றுகையிட்டதும் இக்கோட்டையே என்பதை அறிந்து ஏறுவானுக்குப் படிகள் தளர்ச்சி தாரா. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் தமிழ்நாட்டிலுள்ளது இஃதொன்றே.

மீளும்போது விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டில் இறங்குக. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மும்மூர்த்திகட்குக் கோயில் சமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் அங்குக் கல்லில் பொறித்துள்ளான். சிறிய குடைவரைதான், ஆயினும் அதன்முன் கால்நாழிகை நில்லாது மீள்வது தகாது.

மறுநாள் திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகத் திருவக்கரை செல்க. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகட்கு முன் வீழ்ந்த மரங்கள் கல்லாகிக் கிடத்தலை ஆங்குக் காணலாம். அவற்றின் சில்லொன்றையும் எடுத்து வரற்க.

திண்டிவனத்தில் கண்ணாற் காண்பதினும் கருத்தாற் காண்பதே பெரிது. 1890ஆம் ஆண்டளவில், மருத்துவராகிய தந்தையுடன் இங்கு வந்து தங்கியிருந்த ஐடா ஸ்கடர் என்னும் இளமங்கையிடம், ஒரே இரவில் மூவர், மகப்பேற்றில் துன்புறும் தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். அவளோ மருத்துவம் கல்லாதவள். ஆடவராகிய தந்தையை அவர்கள் ஏற்றிலர். பெண்டிர் மூவரும் மாண்டனர். வேலூர் மருத்துவமனையின் வித்து அவ்விரவில் இத்திண்டிவனத்தில் விழுந்தது.

‘கோயிலும் கோட்டையும் எங்கும் உள, இவற்றுக்கு வழிகாட்டல் எற்றுக்கு?’ என வினவுவாரும் உளர். அவர்க்கு ஒன்று கூறுவேன். திருவக்கரையைச் சூழவும் கல்லுடைக்கும் தொழில் மிகுந்துள்ளது. கதை அறியப்பட்ட குன்று மலையாகும். அறியப்படாத குன்று சல்லியாகும். சட்டம் காப்பவை சில. ஊரார் தம்முடையதென்று அறிந்தமையால் காப்பவை பல. பாறையில் தன் பெயரைக் கீறும் இளைஞனும் அதன் பெயரை அறியாமையாலன்றோ அவ்வாறு செய்கின்றான்?

சிறுபாணாற்றுப்படை மன்னன் புகழோடு நின்றதன்று. எயிற்பட்டினத்துப் பரதவர் தரும் சுட்ட மீனையும், வேலூர் எயினர் மகளிர் தரும் புளிச்சோற்றையும், ஆமூர் உழவர் மனையிற் பெறும் நண்டுக் கறியையும் மறவாது கூறிற்று. காணுமிடத்தோடு ஆங்கு வாழ்வாரையும் காட்டுவதே நல்வழிகாட்டல் என்பது அதன் கொள்கை போலும். அப்பாட்டைத் தேர்வுக்கெனப் பயிலும் தமிழ் மாணவர் நாம், அது காட்டிய ஊரினை ஒரு முறையேனும் சென்று காணவும், கண்டதை எளிய தமிழில் எழுதிப் பின்வருவார் கையில் கொடுக்கவும் கடமைப்பட்டுள்ளோம். நம் விடுமுறைதோறும் ஓர் ஊருக்கு ஒரு சிறு கையேடு வெளிவருமாயின், ஆற்றுப்படை என்பது வெறும் பாடமாக நில்லாது மீண்டும் வழியாகும்.