நீரோவும் பிடிலும் – போதும் சாமிகளா!

எங்க படப்பையில், வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டில் டிராபிக் நின்னா கூட, யாராவது ஒரு பதிவர் "நீரோ பிடில் வாசிக்கிறார்"னு பதிவு போட்டுடறார். முடியல!

மக்களே, பிடில் வந்ததே 16-ம் நூற்றாண்டில். ரோம் எரிஞ்சது கி.பி. 64-ல். தீ பிடிச்சப்ப நீரோ ஊரிலேயே இல்லை, ஆன்டியத்தில் இருந்தான். திரும்பி வந்து, வீடிழந்தவங்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்து விட்டான். இதைச் சொல்றது டாசிடஸ். நீரோவைக் கண்டாலே ஆகாத மனுஷன். (எரியும்போது பாட்டுப் பாடினான்னு வதந்தி கிளம்பினதையும் அவரேதான் எழுதியிருக்கார்.)

அதுக்காக நீரோ யோக்கியன்னு சொல்ல வரலை. பெத்த அம்மாவையே கொல்ல வெச்சவன். ஆனா நமக்குச் சம்பந்தப்பட்ட களவாணித்தனம் வேற. அதே 64 வாக்கில், ஒரு பவுண்டுக்கு 84 வெள்ளிக்காசு அடிச்ச இடத்தில் 96 அடிச்சான். வெள்ளியின் தரத்தையும் குறைச்சான். சம்பள நம்பர் அதேதான், வாங்குற சாமான் மட்டும் குறையும். ஓரகடத்துக்கு ஷிப்ட் பஸ் ஏறுற யாரைக் கேட்டாலும் இது புரியும்.

நம்மாளுங்க ஏமாறலை. கோவை வட்டாரப் புதையல்களில் கிடைச்ச ரோமானிய வெள்ளிக்காசில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் பேரில் அடிச்ச பழைய நல்ல காசு. நீரோ தரம் குறைச்சது இங்கே அபூர்வம். தங்கம் இன்னும் சுவாரசியம். 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைச்ச 501 தங்கக்காசில் பெரும்பாலானவற்றில் ராஜா மூஞ்சி மேலேயே வெட்டு! ஏன் வெட்டினாங்கன்னு ஆளுக்கொரு கருத்து. நீரோ காசும் அதில் உண்டு.

இவ்வளவு சரக்கு நம்ம மண்ணிலேயே இருக்க, பிடில் எதுக்கு? திட்டணும்னா காசை வெச்சுத் திட்டுங்க. பிடில்னு பின்னூட்டம் வந்தா பப்ளிஷ் பண்ண மாட்டேன் :-)