முகத்துக்கு மார்க்கா?

மனிதனுடைய யோக்கியதையை அவன் பிறந்த ஜாதியைக் கொண்டு அளக்கக் கூடாது என்று நாம் சொன்னால், இன்றைக்கு அதை வெளிப்படையாக மறுத்துப் பேச அநேகம் பேருக்குத் தைரியம் இல்லை. ஜாதகத்தைக் கொண்டு அளக்கக் கூடாது என்றால், பாதிப்பேராவது சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளுகிறார்கள். ஆனால் அவனுடைய மூக்கையும், பல்லையும், தோலின் நிறத்தையும் கொண்டு அளக்கக் கூடாது என்று ஆரம்பித்தால் மாத்திரம், "அதற்கென்ன செய்வது, முகராசி என்று ஒன்று இருக்கிறதே" என்கிறார்கள். இப்படிச் சொல்லுகிறவர்கள் புரோகிதர்களும் சோதிடர்களும் மாத்திரமாய் இருந்தால் இதற்கு ஒரு தலையங்கம் வேண்டியதில்லை. நம்முடைய தோழர்களே சொல்லுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

சென்ற வருஷம் ஒரு சிற்றூரில் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நம்மை அழைத்திருந்தார்கள். வாசலில் நான்கு பெண் பிள்ளைகள் பட்டுப்பாவாடை கட்டி, பன்னீர்ச் செம்பும், சந்தனக் கிண்ணமும், கற்கண்டுத் தட்டும் ஏந்தி நின்றார்கள். நாமும் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். ஒரு பெண் பிள்ளை, பெண்கள் படித்துச் சம்பாதிக்க வேண்டியதைப் பற்றிப் பேசிற்று. பேச்சில் சரக்கு இருந்தது; நாமே நாலு இடத்தில் கை தட்டினோம். முடிந்தவுடன் பக்கத்திலிருந்த உபாத்தியாயர் நம் காதில், "எழுதினது வேறொரு பிள்ளைங்க ஐயா. வகுப்பிலே அதுதான் முதல். ஆனா மேடைக்கு எடுப்பா இருக்காது. கொஞ்சம் கருப்பு, பல்லும் தூக்கல். அதனாலே இதை நெட்டுருப் போட வச்சுப் பேச வச்சோம்" என்றார். எழுதின பிள்ளை எங்கே என்று கேட்டோம். கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறது என்றார்.

அந்த உபாத்தியாயர் கெட்டவர் அல்லர். பிள்ளைகளிடம் ஜாதி பாராதவர். தம் வீட்டுக் கல்யாணத்தைப் புரோகிதன் இல்லாமல் நடத்தினவர். தாம் செய்தது ஒரு அநியாயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவரைச் சொல்லுவானேன்? வாசலில் நின்ற நான்கு பிள்ளைகளும் ஒரே சிவப்பாய் இருந்தார்களே, அத்தனை பெரிய பள்ளிக்கூடத்தில் கருத்த பிள்ளை ஒன்றுகூடவா பட்டுப்பாவாடை கட்டாது என்கிற கேள்வி நமக்கே அப்பொழுதுதான் உறைத்தது. சந்தனம் தொட்டபொழுது உறைக்கவில்லை.

நிற்க. முகத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்லிவிடலாம் என்கிற இந்தப் பைத்தியத்துக்கு நம் நாட்டில் சாமுத்திரிகா லட்சணம் என்று பெயர் வைத்து, அதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியிருக்கிறார்கள். மனுதர்மம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அதன் பதினோராவது அத்தியாயத்தைப் பிரித்துப் பாருங்கள். போன ஜன்மத்தில் பொன் திருடினவனுக்கு இந்த ஜன்மத்தில் நகம் கெட்டுப்போகுமாம். மது குடித்தவனுக்குப் பல் கருத்துப்போகுமாம். அதாவது, ஒருவனுடைய அங்கத்தில் குறை இருந்தால் அது அவன் செய்த பாவத்தின் முத்திரை. ஆகவே அவனைக் கண்டு இரங்க வேண்டியதில்லை, அருவருக்கலாம், அருவருப்பதும் நியாயம். இதைவிட வசதியான தத்துவம் வேறு என்ன வேண்டும்?

வெள்ளைக்காரனும் இதில் நமக்கு இளைத்தவன் அல்ல. சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்துப் பாதிரியாராகிய லவாத்தர் என்பவர், முகத்தின் அமைப்பிலிருந்து குணத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை என்று 1775 முதல் 1778 வரையில் பாகம் பாகமாகப் புத்தகம் போட்டார். ஐரோப்பா முழுவதும் படித்த கனவான்கள் அதை நம்பினார்கள். 1831-ல் பீகிள் என்னும் கப்பல் உலகத்தைச் சுற்றப் புறப்பட இருந்தபொழுது, அதன் கேப்டன் பிட்ஸ்ராய் என்பவர் லவாத்தருடைய சிஷ்யர். கப்பலில் கூட வருவதற்கு ஓர் இளைஞர் வந்து நின்றார். கேப்டன் அவருடைய மூக்கைப் பார்த்தார். இப்படிப்பட்ட மூக்குள்ளவனுக்கு இவ்வளவு பெரிய பிரயாணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்று சந்தேகப்பட்டு, வேண்டாம் என்று சொல்லும் மட்டும் போய்விட்டார். அந்த மூக்குக்குச் சொந்தக்காரர் சார்லஸ் டார்வின். இந்தக் கதையை அவரே தம்முடைய சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். கேப்டன் மனம் மாறினதனால் டார்வின் ஐந்து வருஷம் கடல் சுற்றினார். 1859-ல் உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். கடவுள் மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தார் என்ற கதை அன்றோடு ஆட்டம் கண்டது. மூக்கு சாஸ்திரம் ஜெயித்திருந்தால், பாதிரிகளுக்கு எவ்வளவு சௌகரியமாய் இருந்திருக்கும்!

பிறகு இத்தாலியில் லொம்பிரோசோ என்ற டாக்டர் 1876-ல் வந்து, திருடனையும் கொலைகாரனையும் தாடையையும் காதையும் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்றார். இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்ற சிறைச்சாலை டாக்டர் சுமார் 3000 கைதிகளை அளந்து, அப்படிப்பட்ட குற்றவாளி முகம் என்று ஒன்று கிடையாது என்று 1913-ல் எழுதினார். சாஸ்திரம் செத்தது. ஆனால் நம்பிக்கை சாகவில்லை.

இந்த நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதை அமெரிக்காவில் தார்ன்டைக் என்ற மனோதத்துவப் பேராசிரியர் 1920-ல் எடுத்துக் காட்டினார். பட்டாளத்து அதிகாரிகள் தங்கள் கீழ் உள்ளவர்களுக்கு உடற்கட்டு, புத்தி, தலைமைத் திறம், நடத்தை என்று தனித்தனியே மதிப்புப் போடுகிறார்கள் அல்லவா? தனித்தனியே போடுவதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். ஆனால் ஒன்றில் நல்ல மதிப்பு வாங்கினவனுக்கு மற்றவற்றிலும் தாமாகவே மதிப்பு ஏறியிருந்தது. ஆள் வாட்டசாட்டமாய் இருந்தால் அவனுக்குப் புத்தியும் உண்டு, நாணயமும் உண்டு! இதற்கு அவர் கொடுத்த பெயர் என்ன தெரியுமா? ஒளிவட்டம். சாமி படங்களில் தலைக்குப் பின்னால் மஞ்சளாய் ஒன்று போடுகிறார்களே, அதுதான். சுவரிலிருந்த படத்தைக் கழற்றி எறிந்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்துகிற நாம், அந்த மஞ்சள் வட்டத்தை மாத்திரம் பத்திரமாய் எடுத்து வைத்துக்கொண்டு, எதிரில் வருகிற சிவப்புத் தோலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்தில் ஐந்தாம் வகுப்பு உபாத்தியாயர்கள் நானூறு பேருக்கு மேல் ஒரு பரீட்சை வைத்தார்கள். உபாத்தியாயர்களுக்குத்தான் பரீட்சை! ஒரு பிள்ளையின் மார்க்கு அட்டையும், அதன் மூலையில் ஒரு போட்டோவும் அனுப்பப்பட்டன. மார்க்கு எல்லாருக்கும் ஒன்றே. போட்டோ மாத்திரம் வேறு; சிலருக்கு லட்சணமான முகம், சிலருக்கு லட்சணம் குறைந்த முகம். கிளிபர்டு, வால்ஸ்டர் என்பவர்கள் 1973-ல் அந்த முடிவை வெளியிட்டார்கள். லட்சணமான முகத்துக்குப் புத்தி அதிகம் என்றும், அது மேலே மேலே படிக்கும் என்றும் உபாத்தியாயர்கள் எழுதினார்கள். அதோடு நிற்கவில்லை. அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனுக்குக்கூடப் பிள்ளையின் படிப்பில் அக்கறை அதிகம் என்று எழுதினார்கள். போட்டோவில் இருந்தது பிள்ளையின் முகம்; தகப்பனார் அதில் எங்கே இருந்தார்?

அதற்கு முந்தின வருஷம் டயன் என்ற அம்மையார் வேறொரு சோதனை செய்தார். ஒரு பிள்ளை செய்த பெரிய குறும்பு ஒன்றை எழுதி, அதோடு ஒரு போட்டோவை வைத்துக் கல்லூரிப் பெண்களிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். முகம் நன்றாய் இருந்தால், ஏதோ அன்றைக்குப் போதாத வேளை என்கிற மாதிரி பதில் வந்தது. முகம் நன்றாய் இல்லாவிட்டால், இந்தப் பிள்ளையின் சுபாவமே இதுதான் என்கிற மாதிரி பதில் வந்தது. நம்மூர் வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் முதலில் யார் காது திருகப்படுகிறது என்பதை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழர்கள் அறிவார்கள். நாமும் அந்தப் பெஞ்சுதான்.

சுவீடன் தேசத்தில் லுண்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2020-ல் தொற்றுநோய் வந்து, பாடமெல்லாம் கம்ப்யூட்டர் வழியாக என்று ஆயிற்று. அழகான பெண்கள் என்று மதிக்கப்பட்டவர்களுக்கு, எழுத்து வேலையும் விவாதமும் உள்ள பாடங்களில் அதுவரை வந்த மார்க்கு அப்பொழுது குறைந்துவிட்டது. கணக்கைப் போன்ற பாடங்களில் அப்படி ஒரு சலுகை முதலிலிருந்தே இல்லை. ஆண்களுக்கு இருந்த சலுகை மாத்திரம் பிறகும் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022-ல் வெளியான அந்தக் கட்டுரையில் அப்படித்தான் இருக்கிறது.

உத்தியோக விஷயத்திலோ இது ரூபாய் அணாவாகவே தெரிகிறது. ஹேமர்மெஷ், பிடில் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் அமெரிக்கா, கனடா தேசத்துக் கணக்குகளைப் பார்த்து, லட்சணம் குறைந்தவர்கள் என்று மதிக்கப்பட்டவர்கள் சாதாரணத் தோற்றமுள்ளவர்களைவிட நூற்றுக்கு 5 முதல் 10 வரையில் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்று 1994-ல் எழுதினார்கள். அந்தத் தேசத்துக் கணக்கு நம் தேசத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு உதாரணத்துக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 20,000 ரூபாய் வாங்க வேண்டியவனுக்கு நூற்றுக்கு 5 குறைந்தால் மாதம் 1,000 ரூபாய். 30 வருஷத்தில் 3,60,000 ரூபாய். மூக்கு வரி! எந்தச் சட்டசபையும் விதிக்காத வரி.

"அழகானவர்கள் தைரியமாய்ப் பேசுகிறார்கள், அதனால் வேலையும் நன்றாய்ச் செய்வார்கள்" என்று சில முதலாளிகள் சமாதானம் சொல்லுகிறார்கள். இதையும் சோதித்திருக்கிறார்கள். மோபியஸ், ரோசன்பிளாட் என்ற இருவர் அர்ஜென்டினாவில் சிக்கலான புதிர்ப் பாதைக்கு வழி கண்டுபிடிக்கிற வேலையைக் கொடுத்துப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். வேலையில் அழகனுக்கும் மற்றவனுக்கும் வித்தியாசமே இல்லை. இருந்தும் முதலாளி ஸ்தானத்தில் இருந்தவர்கள் அழகன் அதிகம் செய்வான் என்று எதிர்பார்த்து அதிகக் கூலி மதித்தார்கள். முகத்தையே பார்க்காமல் டெலிபோனில் மாத்திரம் பேசினவர்களும் அப்படியே மதித்தார்கள்! காரணம், அழகனுடைய பேச்சில் தைரியம் இருந்தது. அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? ஐந்து வயதிலிருந்து அவனை முன் பெஞ்சில் உட்கார வைத்து, கேள்வி கேட்டு, தட்டிக் கொடுத்து, சந்தனக் கிண்ணம் கொடுத்து வளர்த்தால் யாருக்குத்தான் தைரியம் வராது? குவளை அடுக்கின பிள்ளையை 20 வருஷம் கழித்து உத்தியோகத்துக்குக் கூப்பிட்டு, "உனக்குப் பேச வரவில்லையே, தகுதி போதாது" என்று சொல்லி அனுப்புவார்கள். இந்தத் தகுதி திறமைப் பேச்சை வேறொரு சந்தர்ப்பத்தில் நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா?

இதில் பெண்களின் பாடு இரட்டிப்புக் கஷ்டம். லட்சணம் இல்லாவிட்டால் வேலை இல்லை. லட்சணம் இருந்துவிட்டால், இவளுக்கு நிர்வாகம் செய்யத் தெரியுமா என்று மேல் உத்தியோகத்துக்கு லாயக்கில்லை என்கிறார்கள். நம் நாட்டில் லட்சணம் என்பதற்கு முதல் அர்த்தம் சிவப்பு. 1975-ல் வந்த ஒரு களிம்பு, கருத்த பெண் அதைப் பூசிச் சிவந்த பிறகு உத்தியோகம் கிடைத்ததாக விளம்பரம் காட்டிக் காட்டியே விற்றது. 2020-ல் 'பேர் அண்ட் லவ்லி' என்ற பெயரில் 'பேர்' என்பதை எடுத்துவிட்டு 'குளோ' என்று போட்டார்கள். பெயர் மாறிற்றே தவிர, கடையில் அதைக் கேட்டு வாங்குகிறவர்களின் எண்ணம் மாறினதாகத் தெரியவில்லை. வெயிலில் நாற்று நடுகிறவளுடைய மகளும், நிழலில் இருந்து சாப்பிடுகிறவளுடைய மகளும் ஒரே நிறமாய் இருக்க முடியுமா? பல்லுக்குக் கம்பி கட்டப் பணம் வேண்டாமா? ஆகவே அழகு என்று சொல்லுவதில் பாதி காசு. மீதியில் ஒரு பங்கு ஜாதி.

"கடைக்கு வருகிறவர்கள் அழகான முகத்தைத்தான் விரும்புகிறார்கள், வியாபாரி என்ன செய்வான்" என்று கேட்கலாம். ஒரு காலத்தில் காபி கிளப்புக்காரனும் இதையேதான் சொன்னான். "எனக்கொன்றும் இல்லை, வருகிறவர்கள் சம்மதிக்கவில்லை" என்று சொல்லித்தான் ஜாதிக்கு ஒரு இடம் ஒதுக்கினான். சிகாகோ நகரசபை 1881-ல், பார்க்க அருவருப்பான தோற்றமுள்ள ஊனமுற்றவர்கள் பொது வீதியில் தலைகாட்டக் கூடாது என்று சட்டமே செய்திருந்தது. வருகிறவர் போகிறவர் கண்ணுக்கு அசௌகரியமாம். 1974 வரையில் அந்தச் சட்டம் இருந்தது. வைக்கத்தில் தெருவை மறித்தவர்கள் ஜாதியைச் சொன்னார்கள். இவர்கள் முகத்தைச் சொன்னார்கள்.

அழகை ரசிக்கவே கூடாதா என்று கோபிக்க வேண்டாம். தாராளமாய் ரசியுங்கள். மார்க்குப் போடும்பொழுதும் கூலி பேசும்பொழுதும் அதை இழுக்காதீர்கள் என்பதுதான் நம் கேள்வி. வழி இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில் வாத்தியக் கோஷ்டிகளில், வாசிக்க வருகிறவர்களைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, செருப்புச் சத்தத்தில்கூட ஆணா பெண்ணா என்று தெரியாதபடி கம்பளம் விரித்துப் பரீட்சை செய்தார்கள். பெண்கள் அதிகமாய்த் தேறினார்கள். நம் பொதுப் பரீட்சைகளிலும் விடைத்தாளில் பெயரை மறைத்து வேறு எண் போட்டுத்தானே திருத்துகிறார்கள்? மத்திய சர்க்கார் கீழ்நிலை உத்தியோகங்களுக்கு நேர்முகப் பரீட்சையை 1-1-2016 முதல் எடுத்துவிட்டது. எடுத்தது லஞ்சத்துக்குப் பயந்து. ஆனாலும் முகத்துக்கும் அதோடு வேலை போயிற்று. மிச்சமிருப்பது வகுப்பில் உபாத்தியாயர் கையில் உள்ள மார்க்கும், தனியார் கம்பெனிகளின் மனுவில் ஒட்டச் சொல்லுகிற போட்டோவும், "தோற்றப் பொலிவுள்ள பெண்கள் தேவை" என்கிற விளம்பரங்களும்தான். போட்டோவை வேலை கொடுத்த பிறகு வாங்கிக்கொண்டால் கம்பெனி முழுகிப் போகாது. பெஞ்சை வாரத்துக்கு ஒரு முறை மாற்றி உட்கார வைத்தால் உபாத்தியாயருக்குச் செலவு ஒன்றும் இல்லை.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாதி தடையில்லை என்று முதல் வரியில் போட்டு, "பெண் சிவப்பாய் இருக்க வேண்டும்" என்று இரண்டாவது வரியில் போடுகிற கல்யாண விளம்பரங்கள் நமக்கு வருகின்றன. இனிமேல் இரண்டாவது வரியை வெட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்போம். காசைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறோம்.

அந்தப் பள்ளிக்கூடத்தார் இந்த வருஷ விழாவுக்கும் நம்மை அழைத்திருக்கிறார்கள். சந்தனம் கொடுக்கிற பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதாயும், பேச்சை எழுதினவர்களே பேசுவதாயும் இருந்தால் வருகிறோம் என்று கடிதம் போட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.