காதல் நாவலின் குற்றவாளிக் கூண்டு

கொலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ நாவலைப் பற்றி இரண்டு பேரிடம் விசாரித்தால், இருவரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்களா என்ற சந்தேகம் வந்துவிடும். 2016 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியான இந்த நாவல், அந்த ஆண்டே குட்ரீட்ஸ் வாசகர்களின் வாக்குகளால் சிறந்த காதல் நாவலாகத் தேர்வானது. நான்கைந்து வருடம் கழித்து, டிக்டாக்கில் இளம்பெண்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு காணொளி போட, விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. அடி வாங்கிய ஒருத்தி வெளியேறத் துணிகிற கதை, எங்கள் வீட்டிலும் நடந்த கதை என்கிறார்கள் ஒரு சாரார். அடிக்கிறவனை அழகனாகவும் டாக்டராகவும் ஆக்கி, பூப்போட்ட அட்டைக்குள் வன்முறையை வைத்து விற்கிறார்கள் என்று கொதிக்கிறார்கள் இன்னொரு சாரார்.

இதைக் கேட்டுவிட்டு, வாசகர்களின் தரம் கெட்டுவிட்டது, சமூக ஊடகம் எல்லாவற்றையும் கட்சி கட்ட வைத்துவிட்டது என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஏறக்குறைய முந்நூறு வருடப் பழைய செய்தி ஒன்று இருக்கிறது. ஆங்கிலக் காதல் நாவல் பிறந்த வருடத்திலேயே அதன் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். சண்டையும் இதே சண்டைதான்: கதையில் யாரை நம்புவது, யாரை மன்னிப்பது? மாறியிருப்பது கூண்டில் நிற்கும் ஆள் மட்டும்.

1740 நவம்பரில் லண்டனில் ‘பாமெலா’ வெளிவந்தது. எழுதியவர் சாமுவேல் ரிச்சர்ட்சன், ஐம்பதைத் தாண்டிய அச்சகக்காரர். தமக்குப் பதின்மூன்று வயதானபோதே தெரிந்த இளம்பெண்கள் சிலர் தம்மை நம்பிக் காதல் கடிதங்களுக்குப் பதில் எழுதி வாங்கியதாகப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தத் தொழில் அவரைக் கைவிடவில்லை. நாட்டுப்புறத்து வாசகர்களுக்கு மாதிரிக் கடிதங்கள் எழுதித் தரும்படி இரண்டு புத்தக வியாபாரிகள் கேட்டார்கள். வேலைக்குப் போன இடத்தில் எஜமானனின் வலையில் சிக்காமல் ஒரு பெண் எப்படித் தப்புவது என்று எழுத உட்கார்ந்தவர், அந்தத் தொகுப்பை ஓரமாக வைத்துவிட்டு இரண்டே மாதத்தில் நாவலை முடித்துவிட்டார். மாலையில் அவருடைய மனைவியும் வீட்டில் தங்கியிருந்த ஓர் இளம்பெண்ணும் எழுதும் அறைக்கு வந்து, பாமெலா இன்று எதுவரை வந்தாள் என்று கேட்பார்களாம்.

பாமெலாவுக்குப் பதினைந்து வயது. எஜமானியம்மாள் இறந்ததும் மகன் பொறுப்புக்கு வருகிறான். நாவல் முழுக்க அவனுக்கு மிஸ்டர் பி. என்ற ஓரெழுத்துப் பெயர்தான். அம்மாவின் உடுப்புகளை அவளுக்குக் கொடுக்கிறான், பட்டுக் காலுறை கொடுக்கிறான். அவள் சந்தோஷமாக ஊருக்கு எழுதுகிறாள். அதைப் படித்த பெற்றோருக்கு வயிற்றில் புளி கரைகிறது. அவர்கள் பயந்தது வீண்போகவில்லை. தனியறைக்குள் ஒளிந்திருந்து மேலே விழுகிறான். பெற்றோரிடம் அனுப்புகிறேன் என்று வண்டியில் ஏற்றி, லிங்கன்ஷயரில் உள்ள தன் இன்னொரு மாளிகையில் அடைத்துவைக்கிறான். அங்கேயும் அவள் மையையும் காகிதத்தையும் பதுக்கி வைத்து எழுதுகிறாள். எழுதிய தாள்களை உள்பாவாடையோடு சேர்த்துத் தைத்துக்கொள்கிறாள். கடைசியில் அந்தத் தாள்கள் அவன் கைக்குப் போகின்றன. படிக்கப் படிக்க மனசு மாறி, அவளையே கல்யாணம் செய்துகொள்கிறான். பாமெலாவின் வாசகர்களில் கட்சி மாறிய முதல் ஆள் மிஸ்டர் பி.தான்.

ஒரு வருடத்துக்குள் லண்டனில் ஐந்து பதிப்பு. பாதிரியார் ஒருவர் பிரசங்க மேடையிலேயே அதைப் பரிந்துரைத்தார். பாமெலா படம் போட்ட விசிறி விற்பனைக்கு வந்தது; வாக்ஸால் பூங்காவில் பாமெலா ஓவியங்கள் தொங்கின. கல்யாண அத்தியாயம் வந்ததும் ஒரு கிராமத்தார் தேவாலய மணியை அடித்தார்கள் என்று ஒரு கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. நடந்ததோ இல்லையோ, நம்பத்தக்கதாக இருந்தது.

எதிர்க்கட்சி உடனே கிளம்பியது. 1741 ஏப்ரலில் ஹென்றி ஃபீல்டிங் பொய்ப்பெயரில் ‘ஷாமெலா’ என்ற நையாண்டியை வெளியிட்டார். அதில் அந்தப் பெண் கைதேர்ந்த நடிகை. கற்பு என்று அவள் சொல்வதெல்லாம் கல்யாணத்துக்குப் பேசும் பேரம். அதே வருடம் எலைஸா ஹேவுட் ‘ஆன்டி-பாமெலா’ எழுதினார். அறையில் நடக்கும் காட்சிகள் இளைஞர் மனசைக் கெடுக்கும் என்று ஒரு துண்டுநூல் அலறியது. வேலைக்காரியை எஜமானன் கட்டிக்கொண்டால் நாளை எல்லா வேலைக்காரிகளும் கனவு காண்பார்களே என்ற கவலை இதற்கெல்லாம் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கவலை எவ்வளவு ஆழம் என்று பார்க்க இத்தாலிக்குப் போக வேண்டும். 1750இல் கோல்டோனி இதை நாடகமாக்கியபோது, பாமெலாவின் அப்பாவை மறைந்து வாழும் ஸ்காட்லாந்துப் பிரபுவாக மாற்றிவிட்டார். குலம் சரியாகிவிட்டது, கல்யாணத்துக்குத் தடையில்லை.

இவ்வளவு விவாதத்திலும் கிட்டத்தட்ட யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு சிறுமியைக் கடத்தி, பூட்டி வைத்து, நள்ளிரவில் வேலைக்காரி வேஷத்தில் அவள் படுக்கைக்கே வந்த மனிதனை என்ன செய்வது? ஃபீல்டிங் அவனை முட்டாளாக்கினார், குற்றவாளியாக்கவில்லை. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சேர்ந்து விசாரித்தது அவளைத்தான். அவள் சொல்வது நிஜமா, நடிப்பா என்பதே வழக்கு.

ரிச்சர்ட்சனுக்கு அடுத்த அதிர்ச்சி சொந்த ரசிகைகளிடமிருந்து வந்தது. 1747-48இல் பகுதி பகுதியாக வெளிவந்த ‘கிளாரிஸா’வில் லவ்லேஸ் என்ற வசீகரமான அயோக்கியனைப் படைத்தார். அவன் கிளாரிஸாவுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கெடுக்கிறான். கடைசிப் பகுதிகள் வரும் முன்பே லேடி பிராட்ஷே என்ற வாசகி புனைபெயரில் கடிதம் எழுதினார்: கிளாரிஸாவைச் சாகவிடாதீர்கள், லவ்லேஸைத் திருத்தி அவளுக்கே கட்டிவையுங்கள். ரிச்சர்ட்சன் மசியவில்லை. ஆனால் வாசகிகள் லவ்லேஸிடம் காட்டிய பரிவு அவரை அரித்தது. பிந்தைய பதிப்புகளில் அடிக்குறிப்புகள் சேர்த்து, இவன் கெட்டவன், இங்கே கவனியுங்கள் என்று விரல் நீட்டிச் சொல்லவேண்டியிருந்தது. வசீகரமான கெட்டவனை எழுதிவிட்டு, வாசகர் அவனிடம் மயங்கிவிடாமல் காப்பது எப்படி என்று எந்தக் காதல் நாவலாசிரியருக்கும் இன்றுவரை தெரியாது. அடிக்குறிப்பால் முடியாது என்பது மட்டும் 1751இலேயே தெரிந்துவிட்டது.

பிரான்சில் திதரோ 1762இல் ரிச்சர்ட்சனைப் புகழ்ந்து எழுதியபோது, அவருடைய கதாபாத்திரங்களின் நடத்தையை நிஜ மனிதர்களின் நடத்தை போலவே மக்கள் வாதிட்டதையும், அபிப்பிராய பேதத்தால் உறவுகளுக்குள் கசப்பும் பிளவும் வந்ததையும் பதிவுசெய்கிறார். ரிச்சர்ட்சன் பிடிக்காதவர்களை அந்த ஒன்றை வைத்தே அவர் எடைபோட்டுவிடுவாராம். இன்று ஒருவரின் புத்தக அலமாரியில் ஹூவரைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறவர்கள், கூடவே ஒரு கலைக்களஞ்சியமும் தொகுத்தால் திதரோவுக்குச் சமம்.

அடுத்த நூற்றாண்டிலும் கூண்டில் பெண்தான். 1847இல் வந்த ‘ஜேன் அயர்’ நாவலை 1848 டிசம்பரில் எலிசபெத் ரிக்பி தாக்கியபோது, கிறிஸ்தவப் பணிவில்லாத திமிர் பிடித்தவள் என்று ஜேனைத்தான் சாடினார். மனைவியை மாடியறையில் பூட்டி வைத்துவிட்டு இன்னொரு கல்யாணத்துக்குத் தயாரான ரோச்செஸ்டரை விசாரிக்க 1966 ஆகவேண்டியிருந்தது. அந்த வருடம் ஜீன் ரீஸ், பூட்டப்பட்ட மனைவியின் பக்கம் நின்று ‘வைட் சர்காஸோ சீ’ எழுதினார்.

1970களின் அமெரிக்கச் சந்தைக்கு வருவோம். 1972இல் கேத்லீன் வுடிவிஸின் ‘த ஃபிளேம் அண்ட் த ஃபிளவர்’ மலிவுப் பதிப்பாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. அதில் நாயகன், நாயகியைத் தெருவில் நிற்பவள் என்று நினைத்துப் பலாத்காரம் செய்கிறான். பிறகு அதே இருவருக்குள் காதல் வளர்கிறது. இந்த வகைப் புத்தகங்களைப் படிக்கும் பெண்களைப் பார்த்துப் பெண்ணியவாதிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஜேனிஸ் ராட்வே மட்டும் அந்த வாசகிகளிடமே போய்க் கேட்டார். 1984இல் வந்த அவருடைய ஆய்வில், ஸ்மித்டன் என்று மாற்றுப்பெயர் சூட்டிய ஊரில், ஒரு புத்தகக் கடைப் பெண்மணியைச் சுற்றி ஒரு வாசகியர் கூட்டம் இருக்கிறது. எந்த நாவல் நல்லது, எது தேறாது என்று அந்தப் பெண்மணி தனிச் சுற்றிதழே போடுகிறார். வாசகிகளில் பலர் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுக்கிறார்கள். சமையல், பிள்ளைகள், கணவன் என்று எல்லாருக்கும் ஓடிவிட்டு, இந்த நேரமாவது எனக்கு என்று உட்காருகிறவர்களுக்குக் கதை ஏமாற்றிவிடக் கூடாது.

அவர்கள் எல்லாக் கொடுமையையும் ஏற்றுக்கொண்டவர்கள் அல்ல. பலாத்காரத்தை ரசிக்கிற மாதிரி எழுதிய புத்தகங்களைத் தூக்கி எறிந்தார்கள். ஆனால் நாயகனின் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் ஒரு காயம், ஒரு தவறான புரிதல் இருந்து, அது கடைசியில் அன்பாகக் கரைந்தால் ஏற்றுக்கொண்டார்கள். காரணம் கிடைத்தால் மன்னிப்பும் கிடைக்கும். மிஸ்டர் பி. காலத்திலிருந்து காதல் நாவலும் வாசகரும் செய்துகொண்ட ஒப்பந்தம் இதுதான்.

ஹூவர் கை வைத்தது இந்த ஒப்பந்தத்தில். பின்னால் பாஸ்டனில் பூக்கடை வைக்கப்போகும் லில்லி புளூம், அம்மாவை அடித்துக்கொண்டே வாழ்ந்த அப்பாவை அடக்கம் செய்துவிட்டு ஒரு மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே ரைல் கின்கெய்ட் வருகிறான், மூளை அறுவை நிபுணன். கதைக்குள் அவன் நுழைவதே நாற்காலி ஒன்றை எட்டி உதைத்துக்கொண்டுதான். முதல் வாசிப்பில் பலர் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். அடுத்த சில பக்கங்களில் அவன் அவ்வளவு நன்றாகப் பேசுகிறான். பிறகு ஒருநாள் சமையலறையில் சூடான பாத்திரத்தைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொள்கிறான், லில்லி சிரித்துவிடுகிறாள், அவன் தள்ளிவிடுகிறான். ஒரே நொடி. உடனே மன்னிப்பு, கண்ணீர். அடுத்தது மாடிப்படி. அதற்கடுத்தது அதைவிட மோசம்.

ரைலுக்கும் ஒரு காயம் உண்டு. ஆறு வயதில், தவறுதலாக வெடித்த துப்பாக்கியால் அண்ணனைப் பறிகொடுத்தவன். வழக்கமான காதல் நாவலில் இந்த இடத்தில் மன்னிப்பு வந்திருக்கவேண்டும். ஹூவர் காரணத்தைக் கொடுத்துவிட்டு மன்னிப்பை மறுக்கிறார். மகள் பிறந்த பிறகு லில்லி அவனிடம் கேட்கிறாள்: நாளை இவள் வந்து, என் ஆள் என்னைப் படியிலிருந்து தள்ளிவிட்டான் என்று சொன்னால் நீ என்ன சொல்வாய்? அவனிடம் பதில் இருக்கிறது. அந்தப் பதிலாலேயே விவாகரத்து முடிவாகிறது. தன் அம்மா தன் அப்பாவை விட்டு வெளியேறியதே இந்த நாவலின் விதை என்று ஹூவர் பின்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஆகவே, ரைலை ஏன் இவ்வளவு விரும்பத்தக்கவனாக எழுதினார் என்ற குற்றச்சாட்டு எனக்கு ஒப்பவில்லை. முதல் நாளே கொம்பு முளைத்தவனாக வந்திருந்தால், இவளுக்கு அறிவில்லையா என்று வாசகர் லில்லியைக் கூண்டில் ஏற்றியிருப்பார். வாசகரும் அவனை விரும்பியிருக்கவேண்டும்; அப்போதுதான் அவள் ஏன் உடனே போகவில்லை என்ற கேள்வி வாயில் வராது. எதிர்த்தரப்பின் இன்னொரு வாதம் பலமானது. வெளியேறும் லில்லிக்குச் சொந்தக் கடை இருக்கிறது, வசதியான தோழி இருக்கிறாள், போதாக்குறைக்குப் பழைய காதலன் அட்லஸ், இப்போது சொந்த உணவகம் நடத்தும் சமையல் நிபுணனாக, தயாராகக் காத்திருக்கிறான். அடி வாங்குகிற பெண்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு வாசல் திறந்திருக்கும்? அந்த நாவலின் பலவீனம் ரைல் அல்ல, அட்லஸ்தான்.

இந்த வாசகர் சண்டையில் பெண் கூண்டைவிட்டு இறங்கிவிட்டாள். லில்லி சொல்வது பொய் என்று சொல்ல இன்று பெரிய கட்சி ஏதும் இல்லை. அவள் இறங்கிய இடத்தில் நாயகன் ஏறினான், அவன் பின்னாலேயே ஆசிரியரும் விற்பனையாளரும் ஏற்றப்பட்டார்கள். 2023 ஜனவரியில் இந்த நாவலுக்கு வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று வரப்போவதாக அறிவிப்பு வந்தது. அடி உதையை மையமாகக் கொண்ட கதைக்குக் கலர் பென்சில் எதற்கு என்று அபிமானிகளே கேட்க, திட்டம் கைவிடப்பட்டது. 2024 ஆகஸ்டில் படம் வெளியானபோது, தோழிகளோடு பூப்போட்ட உடை உடுத்தி வாருங்கள் என்கிற பாணியில் நடந்த விளம்பரம் இன்னொரு புயலைக் கிளப்பியது. விசிறியில் பாமெலாவின் படத்தைப் போட்டு விற்றவரை அன்று யாரும் இப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டு புத்தகங்களுக்கும் இரண்டாம் பாகம் உண்டு. வேறொருவர் பாமெலாவின் கல்யாண வாழ்க்கையை எழுதி விற்கப்போகிறார் என்று தெரிந்ததும், ரிச்சர்ட்சன் அவசரமாக எழுதி 1741 டிசம்பரில் தொடர்ச்சியை வெளியிட்டார். ஹூவர், எழுதும் எண்ணமே இல்லாதிருந்தும், வாசகர் கேட்டுக்கொண்டே இருந்ததால் 2022 அக்டோபரில் ‘இட் ஸ்டார்ட்ஸ் வித் அஸ்’ கொண்டுவந்தார். பாமெலா பிள்ளை வளர்ப்பு பற்றி நீண்ட கடிதங்கள் எழுதுகிறாள். லில்லி அட்லஸோடு நிம்மதியாக இருக்கிறாள். வாசகர் கேட்டது அப்படியே கிடைத்தது. அந்த இரண்டாம் பாகங்களுக்காக யாரும் யாரோடும் பேச்சை நிறுத்தவில்லை.