தடுப்பூசி தறி வாசலுக்கு வரட்டும்!



கர்ப்பிணிகளும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று 2021 ஜூலை 2 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. நாட்டில் தடுப்பூசி தொடங்கியதோ ஜனவரி 16. நடுவில் ஐந்தரை மாதம்! பாலூட்டும் தாய்மார்களுக்கே மே 19-ல்தான் வழி திறந்தது. இரண்டாம் அலை ஆட்டிப்படைத்த ஏப்ரல், மே மாதங்களில் வயித்துல பிள்ளையோட இருந்த பெண்களுக்கு ஊசி இல்லை. தொடக்க ஆய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காமல் விட்டதன் விலை இது.

சரி, அனுமதி வந்தாச்சு. படவேட்டுக்கு ஊசி எப்படி வரும்?

ஆரணி, படவேடு பக்கத்து நெசவு வீடுகளைப் பாருங்க. தறி போக மிச்ச இடத்துலதான் மொத்தக் குடும்பமும். "தனி அறையில் இருங்கள்" என்றால் எங்கே போவாங்க? தறி நின்னா கூலியும் நின்னுடும். ஆடி வேறு பிறக்கப்போகுது, ரேணுகாம்பாள் கோயிலுக்கு வெளியூர்க் கூட்டம் வரும்.

கர்ப்ப காலத்தில் கொரோனா வந்தால் நோய் முற்றும் ஆபத்தும் குறைமாதப் பிரசவ ஆபத்தும் அதிகம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவங்களுக்கு இன்னும் கூடுதல்.

"ஊசி போட்டா கரு கலையும், பால் வத்தும்" என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பாதீங்க. தொற்று வந்த தாயும் முகக்கவசம் போட்டு, சோப்பால் கை கழுவிட்டுப் பால் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாயையும் பிள்ளையையும் பிரிக்காதீங்க. மூச்சுத் திணறல், ஆக்சிஜன் 95-க்குக் கீழே, வயித்துக் குழந்தை அசைவு குறைவது: இதில் ஒண்ணு இருந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

அரசுக்கு நம் கோரிக்கை:

✅ கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் நாளிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனி வரிசையில் தடுப்பூசி.
✅ நெசவுத் தெருக்களில் நடமாடும் முகாம்.
✅ ஊசி போட்ட பெண் நெசவாளிக்கு இரண்டு நாள் கூலி.
✅ வீட்டில் இடமில்லாதவர்களுக்குத் தாயும் சேயும் சேர்ந்து தங்கும் சிகிச்சை மையம்.

அரசு செய்யட்டும் என்று நாம கையைக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது. கிளைத் தோழர்கள் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்க. தெருவில் உள்ள கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்க. சம்மதிச்சவங்களை வண்டி வைத்துக் கூட்டிட்டுப் போங்க. ஏப்ரல் 6-க்கு முன்னாடி ஓட்டு கேட்டு நாம ஏறி இறங்கின வாசல்தானே அது? இப்போ மறுபடி ஏறுவோம்!

#தறிவாசலுக்குத்தடுப்பூசி