உடலினுட் பெருகும் மருந்து

மருந்தென்பது உட்கொண்ட பின் தேய்ந்துகொண்டே போவது. ஈரலும் சிறுநீரகமும் அதனைக் கழித்துவிடும். இந்நியதிக்கு மாறாக, பகையைக் கண்டவிடத்துப் பெருகும் மருந்தொன்று உண்டு. பற்றீரியாக்களைத் தாக்கும் வைரசே அது. 1917 இல் பீலிக்ஸ் டெரெல் அதற்கிட்ட கிரேக்கப் பெயரைப் பற்றீரியாத் தின்னி எனத் தமிழாக்கியுள்ளனர். தமிழாசிரியனாகிய எனக்கு இப்பெயரில் ஒரு மனக்குறை. அது தின்பதேயில்லை. தன் மரபுப்பொருளை உட்செலுத்திப் பற்றீரியாவையே தன் தொழிற்சாலையாக்கி, ஈற்றில் அதனைப் பிளந்துகொண்டு பன்மடங்காய் வெளிவருகின்றது.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பல வலுவிழந்துவரும் இந்நாளில் இதனைச் சஞ்சீவியெனப் புகழ்வார் உளர். பழஞ்சரக்கென இகழ்வாரும் உளர். இருசாராரும் உடலினுள் இதற்கு நேர்வதை எண்ணிப் பார்த்திலர் என்பேன். வாய்வழி கொடுத்தால் இரைப்பை அமிலம் பெரும்பகுதியை அழித்துவிடும். குருதியிற் செலுத்தினாலோ, ஈரலும் மண்ணீரலும் அந்நியமெனக் கருதி விரைந்து அகற்றுகின்றன. நாள் செல்லச் செல்லப் பிறபொருளெதிரிகளும் தோன்றி அதனை முடக்கக்கூடும். தன் இனப் பற்றீரியா போதிய அளவில் இல்லாதவிடத்து அது பெருகுவதுமில்லை. அன்றியும், ஒரு தின்னி ஓரினத்துள்ளும் சில வகைகளையே தாக்கும். இவற்றை அறியாது 1930களில் விற்கப்பட்ட கலவைகள் பல பயனற்றுப் போனதில் வியப்பென்ன? பின்னர் பெனிசிலின் வந்தது. மேனாடுகள் இதனைக் கைவிட்டன. ஜோர்ஜியாவின் திபிலீசி நகரில் 1923 இல் எழுந்த நிலையமோ இப்பணியைக் கைவிடவில்லை.

அமெரிக்கப் பேராசிரியர் தோமஸ் பற்றேசனின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. 2015 இறுதியில் எகிப்திற் பயணஞ் செய்கையில் அவரைப் பற்றிய அசினற்றோபற்றர் பற்றீரியா, கொடுத்த மருந்துகளுக்கெல்லாம் அசையவில்லை. 2016 இல் சான்டியாகோ மருத்துவர்கள் அதற்கேற்ற தின்னிகளைத் தேர்ந்து, வயிற்றுச் சீழ்க்கட்டியினுள்ளும் பின்னர் குருதியினுள்ளும் செலுத்தினர். நினைவிழந்து கிடந்தவர் சில நாள்களிற் கண்விழித்தார். ஆயின் பற்றீரியாவும் வாளாவிருக்கவில்லை. அத்தின்னிகளுக்கு இணங்காத வடிவெடுத்தது. மருத்துவர்கள் வேறொரு தின்னியைத் தேடிச் சேர்த்தனர். மினோசைக்கிளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியையும் உடன் கொடுத்தனர். அவர் பிழைத்தார்.

அவரைக் காத்தது தின்னி மட்டுமன்று. பற்றீரியாவின் மாற்றத்தை இடையறாது சோதித்த ஆய்வுகூடமுமாம். ஆதலால் இதனைக் கடையில் வாங்கும் குளிகைபோல் எண்ணுதல் தகாது. நோயாளியின் பற்றீரியாவை வளர்த்துப் பார்க்க வசதியில்லாத மருத்துவமனைக்கு இம்மருந்துக் குப்பி வந்து சேர்வதாற் பயன் யாது?